"அதுல அப்படி என்னதான் இருக்கு?": ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பற்றி ஒரு நீண்ட பதில்

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வயது 37, சென்னையில் வேலை, வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து மனதில் இருக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, எட்டு வருடப் பழையது, கையில் இருக்கும் பணத்துக்குள் விலைக்கு வந்திருக்கிறது. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. உங்கள் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அதுல அப்படி என்னதான் இருக்கு?" உங்களுக்குப் பதில் வரவில்லை. அதனால் இங்கே வந்து, "முதல் ஸ்போர்ட்ஸ் காரை நோக்கி மனிதர்களை இழுப்பது எது?" என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இருப்பது வேறு. இந்த ஆசை நிஜமா, இல்லை ஊருக்குக் காட்டும் பகட்டுக்கு 'சிறுவயதுக் கனவு' என்று நல்ல பெயர் வைத்திருக்கிறேனா என்பதுதான் உங்கள் சந்தேகம். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மனோதத்துவம் படித்தவன் இல்லை. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து 1998இல் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தவன். கடந்த பதினோரு வருடமாக, பழைய இறக்குமதிக் கார் வாங்க நினைப்பவர்களுக்காக வண்டியைப் பரிசோதித்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் பிழைப்பு. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள், 35க்கும் 55க்கும் இடைப்பட்டவர்கள், சொந்தத் தொழில் அல்லது ஐடி. நான் சொல்வது அவர்களை வைத்துத்தான். பெண்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. என் கையில் இருக்கும் ஆதாரமெல்லாம், ஆசைப்பட்டவர்கள் ஓட்டிவிட்டு விற்ற வண்டிகள்தான்.

வண்டி நிறையவே சொல்லும். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்னிடம் வந்தால் நான் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. டிரைவர் சீட்டின் வலது விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். இவ்வளவு தாழ்வான கார்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை அந்த விளிம்பில் உரசித்தான் ஆக வேண்டும். மீட்டர் 9,000 கிலோமீட்டர் காட்டுகிறது, விளிம்புத் தோலோ வெளுத்து மடிப்பு விழுந்து கிடக்கிறது என்றால் ஒன்று மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள், இல்லை இந்த வண்டி மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டர் என்று காபி கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மட்டுமே போய் வந்திருக்கிறது. அடுத்து டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் அப்படியே இருந்து, ரப்பர் மட்டும் கல்லாக இறுகிப் போயிருந்தால் அது நிறுத்தியே வைத்திருந்த வண்டி. டயரின் தோள்பட்டை மட்டும் குதறியது போல் தேய்ந்திருந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய் வந்த வண்டி. சீட் விளிம்பு நன்றாக இருந்து, டயர் சீராகத் தேய்ந்து, முன் பம்பரில் பொடிப்பொடியாகக் கல்லடி இருந்தால், அந்த ஓனர் விடியற்காலையில் எழுந்து நெடுந்தூரம் ஓட்டியவர். ஆசை எல்லோருக்கும் ஒன்று போலத்தான் தெரியும். வாங்கிய பிறகு பார்த்தால் மூன்று வெவ்வேறு ஆசைகள் அவை.

இவற்றில் எது உங்களுடையது என்று பார்க்கும் முன், எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்கிறேன். நான் கேட்ட வரையில், "முப்பது வயதில்தான் இந்தக் கார் மேல் ஆசை வந்தது" என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு எட்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் நடுவில் ஏதோ ஒரு காட்சி இருக்கிறது. சலூனில் கண்ணாடிக்கு மேலே ஒட்டிய போஸ்டர், கார் படம் போட்ட ட்ரம்ப் கார்டு, பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய ரேஸ் கேம். அந்த போஸ்டர்களில் அதிகம் ஒட்டப்பட்டது லம்போர்கினி கவுன்டாஷ் ஆகத்தான் இருக்கும். பெர்டோனே நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தினி வடிவமைத்தது. 1971இல் ஜெனீவா கண்காட்சியில் முதலில் காட்டினார்கள், 1974 முதல் 1990 வரை தயாரித்தார்கள். உயரம் ஏறக்குறைய 107 செ.மீ., நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட ஒன்றரை சாண்தான் அதிகம். கவுன்டாஷ் என்பது இத்தாலியின் பியட்மான்ட் வட்டாரப் பேச்சில் வியப்பில் வாயிலிருந்து வரும் சொல். நம் 'அடேங்கப்பா' போல. காருக்கு அடேங்கப்பா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

என் கதை சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் அங்கே ரேஸ் நடக்கும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது, இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990இல் வரும் வரை சென்னைக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தாய்மாமா தன் யெஸ்டி பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். எந்த வண்டி ஜெயித்தது என்று நினைவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபியட் கடந்துபோனபோது நெஞ்செலும்பு அதிர்ந்ததும், விளக்கெண்ணெய் கருகிய வாசனையும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அந்தக் காலத்து ரேஸ் வண்டிகளில் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலும் ஊற்றுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மாமா திரும்பி வரும் வழியில் ரெட் ஹில்ஸில் வடை வாங்கிக் கொடுத்தார். அதுவும் நினைவிருக்கிறது. எனக்கு ஏன் இந்தத் தொழில் என்று கேட்டால் இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஏனென்றால் இது வெறும் அமைப்பு. ஸ்போர்ட்ஸ் காரில் உங்கள் இடுப்பு தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் இருக்கும், கண்ணும் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். கண் தாழ்ந்தால் சாலை வேகமாக ஓடுவது போல் தெரியும். எஸ்யூவியில் உயரமாக உட்கார்ந்திருப்பவருக்கு 100இல் போவதும் சாவகாசமாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எடை குறைவு என்பதால் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் திருப்பினாலே மூக்கு திரும்பும். மஸ்தா 1989இல் கொண்டுவந்த எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். முதல் தலைமுறை 1,000 கிலோவுக்கும் குறைவு, 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரைத்திறன் அளவுதான். இன்றைக்கு நம் ஊரில் ஓடும் சில குடும்பக் கார்களே அதைவிடச் சக்தி கொண்டவை. ஆனாலும் 2016க்குள் பத்து லட்சம் எம்எக்ஸ்-5 தயாராகிவிட்டன. அந்தப் பொறியாளர்கள் வைத்துக்கொண்ட குறிக்கோளுக்கு ஜப்பானிய மொழியில் 'ஜின்பா இத்தாய்' என்று பெயர். குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடம்பாவது என்று பொருள்.

நான் இதை நம்புவதற்கு மஸ்தா காரணம் இல்லை, சான் ஸ்டார்ம். 1990களின் கடைசியில் கோவாவில் தயாரித்த குட்டி இரண்டு சீட் கார். ஃபைபர் பாடி, ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின், சுமார் 60 குதிரைத்திறன். ஒருவர் சர்வீஸுக்கு விட்டிருந்தார், டெஸ்ட் டிரைவ் என்று சொல்லி ஈசிஆரில் மாமல்லபுரம் வரைக்கும் எடுத்துப் போய்விட்டேன். கூரை இல்லாமல், கோவளம் தாண்டிக் காற்றில் உப்பு ஏற, 80ஐத் தொட்டதும் பறப்பது போல் இருந்தது. பக்கத்தில் ஒரு சுமோ என்னைச் சாதாரணமாக முந்திப் போனது. வேகம்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த சுமோதான் ஞாபகம் வரும்.

காது இன்னொரு வாசல், இது கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். டர்போ வந்து, சத்தக் கட்டுப்பாடு இறுகி, இன்ஜின் குரல் மங்கியபோது, பிஎம்டபிள்யூ 2011இல் வந்த எம்5 காரில் இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் உள்ளே கேட்க வைத்தது. ஏமாற்று என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரித்தான் பட்டது. ஆசையின் பாதி காதில் இருக்கிறது என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். கண்ணும் அப்படித்தான். ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்தது, விலை 2,368 டாலர் முதல். முதல் நாளிலேயே சுமார் 22,000 ஆர்டர், ஒரு வருடத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அடியில் இருந்தது பெரும்பாலும் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள். மேலே நீண்ட பானெட், குட்டையான பின்புறம். அதற்குத்தான் வரிசையில் நின்றார்கள். ஆக, உங்கள் கனவில் ஒரு பங்கு நீங்கள் கண்டது, இன்னொரு பங்கு யாரோ திட்டம் போட்டு உங்களுக்கு விற்றது. இரண்டையும் பிரித்தெடுக்க என்னால் முடியாது. உங்களாலும் முடியும் என்று தோன்றவில்லை.

சரி, பகட்டு. இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. சிக்னலில் பக்கத்து பைக்காரர் போனை எடுத்து வீடியோ பிடிக்கும்போது கசக்கிறது என்று சொன்ன ஓனரை நான் பார்த்ததே இல்லை. இதைப் பற்றி ஆராய்ச்சிகளும் உண்டு. கனடாவில் கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் காட் சாட், ஜான் வோங்காஸ் இருவரும் 2009இல் வெளியிட்டது ஒன்று. 39 இளைஞர்களிடம் ஒரு போர்ஷே 911 கன்வர்ட்டிபிளையும் ஒரு பழைய டொயோட்டா கேம்ரியையும் கொடுத்து, கூட்டமான கடைத்தெருவிலும் ஆள் அரவம் குறைந்த நெடுஞ்சாலையிலும் ஓட்டச் சொல்லி, எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். போர்ஷே ஓட்டியபோது ஏறியது. யார் பார்க்கிறார்கள் என்பதுதான் எல்லாம் என்றால் நெடுஞ்சாலையில் ஏறியிருக்கக் கூடாது, அங்கேயும் ஏறியது. அமெரிக்காவில் 2011இல் ஜில் சண்டி குழுவினர் செய்தது இன்னொன்று. போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருப்பவர், ஹோண்டா சிவிக் வைத்திருப்பவர் என்று இருவரைப் பற்றிச் சொல்லிப் பெண்களிடம் கருத்துக் கேட்டார்கள். பழகிப் பார்க்க போர்ஷேக்காரர் பரவாயில்லை என்றார்கள், கல்யாணம் என்று வந்தால் போர்ஷேக்குக் கூடுதல் மதிப்பெண் இல்லை. நம் ஊர்ப் பெண் வீட்டாரிடம் கேட்டிருந்தால் சிவிக்காரருக்கு வீடு சொந்தமா என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். இந்த இரண்டையும் நான் சுவாரசியமான தகவல் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்கிறேன். 39 பேரின் எச்சிலை வைத்து உங்கள் முப்பது வருட ஆசையை அளக்க முடியாது. மூளையில் சுரக்கும் 'டோபமைன்' என்று ஒரு சொல்லை வைத்து எல்லாவற்றையும் விளக்கும் வீடியோக்களை இதைவிடவும் குறைவாக நம்புங்கள்.

நான் உண்மையிலேயே உபயோகமானது என்று நினைக்கும் ஆய்வு வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜிங் ஷூ என்ற இருவர் கார் வைத்திருப்பவர்களிடம் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். உங்கள் காரை ஓட்டுவதில் எவ்வளவு சந்தோஷம் என்று பொதுவாகக் கேட்டால், விலை உயர்ந்த கார்க்காரர்கள் அதிகம் என்றார்கள். கடைசியாக வேலைக்கு ஓட்டிப் போனபோது எப்படி இருந்தது என்று கேட்டால், காரின் விலைக்கும் மனநிலைக்கும் தொடர்பே இல்லை. வேலை எதுவும் இல்லாமல் ஓட்டுவதற்காகவே கடைசியாக ஓட்டியபோது எப்படி இருந்தது என்று கேட்டால், வித்தியாசம் மறுபடி வந்துவிட்டது. ஓட்டுவதில் கவனம் இருக்கும்போது மட்டும்தான் கார் நம்மைச் சந்தோஷப்படுத்துகிறது. மற்ற நேரங்களில் நாம் ஆபீஸ் மீட்டிங்கை நினைத்துக்கொண்டிருக்கிறோம், எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடுகிறது. என்னிடம் வரும் வண்டிகளின் சீட் விளிம்பும் டயரும் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இரண்டு பேரைச் சொல்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஐம்பதைத் தொட்ட வயது. அவர் பார்த்து வைத்திருந்த வண்டியை நான் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்து, கியர்பாக்ஸ் சரியில்லை, பழுது பார்த்தால் பல லட்சம் போகும், வேண்டாம் என்று சொன்னேன். சரிங்க என்றார். பிறகு, "கீழ இறக்கினதும் ஒரு பத்து நிமிஷம் உள்ள உட்கார்ந்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். இன்ஜினைப் போடவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்து, முன்னால் இருந்த என் ஒர்க்ஷாப் சுவரைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். நான் டீ சொல்லி அனுப்பியும் இறங்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொன்று வாங்கினார். ஒரு வருடத்தில் சர்வீஸுக்கு வந்தபோது 14,000 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குத் தாராபுரம் ரோட்டில் போய் டீ குடித்துவிட்டு ஆறரைக்குள் திரும்பி விடுவாராம், பல நாள் மனைவியும் கூட. இன்னொருவர் சென்னைக்காரர், சின்ன வயது. எட்டே மாதத்தில் 2,100 கிலோமீட்டரோடு விற்றார். நஷ்டம் கணிசமானது. வருத்தமா என்று கேட்டேன். "வாங்கினதுமே ஆசை தீர்ந்துடுச்சு சார், அதுக்கப்புறம் பார்க்கிங் தேடுறதுதான் வேலையா இருந்துச்சு" என்று சிரித்தார். இவரையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது, அந்த போஸ்டரைப் பார்த்த பையனிடம் "வாங்கிட்டேன்டா" என்று ஒரு தடவை சொல்வது. அதற்கு வாங்காமலே, ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். அதுதான் ஒரே வித்தியாசம்.

பண விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்தால் என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே வரி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், மலிவு காணாமல் போய்விடும். எட்டு வருட வண்டி என்கிறீர்கள், டயர் தேதி பழையதாக இருந்தால் நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் இரண்டு வருடச் செலவுக்கென்று தனியே வைக்க முடியாதவர்களை நான் திருப்பி அனுப்பி விடுவது வழக்கம். இது கணக்குப் போட்டு வந்த விதி ஒன்றும் இல்லை, அடிபட்டவர்களைப் பார்த்து வந்த பழக்கம்.

உங்கள் மனைவிக்கு என்ன சொல்வது? 'அதில் என்ன இருக்கிறது' என்பதற்கு வாயால் பதில் சொல்லி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. விற்பவரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டியை எடுங்கள், விற்பவர் பக்கத்தில் உட்காரத்தான் செய்வார், பரவாயில்லை. முட்டுக்காடு வரை நீங்கள் ஓட்டுங்கள், மனைவி பின்னால் ஆட்டோவில் வரட்டும். திரும்பும்போது, மனைவிக்கு ஓட்டத் தெரியும் என்றால், ஸ்டீயரிங்கை அவரிடம் கொடுங்கள், இரண்டு சீட்தான் என்பதால் இப்போது நீங்கள் ஆட்டோவில் வர வேண்டியிருக்கும். அந்த ஆட்டோவில் வரும்போது உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த வண்டியில் அடுத்த மாதம் எங்கே போவேன்? தானாக ஒரு ரோடு கண் முன்னால் வந்தால், ஏலகிரி வளைவோ திண்டிவனம் பக்கமோ எதுவானாலும், நீங்கள் திருப்பூர்க்காரர் கட்சி. ஆபீஸ் பார்க்கிங் வந்தால் வாடகைக்கு எடுப்பதைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று, இது கண்டிப்பாக. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட் சரிவுக்கு விற்பவரின் காரையே கொண்டு வந்து, ஒரு ஆளைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லி, மெதுவாக இறக்கிப் பாருங்கள். சரிவு தரையைத் தொடும் அந்த மடிப்பில் முன் உதடு, அதாவது முன் பம்பரின் அடிவிளிம்பு, உரசினால் தினமும் உரசும். எல்லாம் பொருந்தி வந்த ஒருவர் அந்த ஒரு மடிப்புக்காக இரண்டு தெரு தள்ளி மாதம் நாலாயிரம் கொடுத்து ஷெட் எடுத்திருக்கிறார்.